இறக்கத்தில் தெரியும் எஞ்சின்: மாத்தளை மலைச்சாலைகளும் பழைய கெப் வண்டியும்

இலங்கையின் மத்திய மாகாணத்தில் கண்டிக்கு வடக்கே விரிந்திருக்கும் மாத்தளை மாவட்டம், ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகடுகளையும் மறுபுறம் தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளின் வறண்ட சமவெளியையும் ஒரே எல்லைக்குள் கொண்டிருப்பதால், அங்கே ஓடும் வண்டி காலையில் மலைப்பனியிலும் நண்பகலில் கொதிக்கும் தார்ச்சாலையிலும் உழைக்க வேண்டியிருக்கிறது. தம்புள்ளை நகரம் கடல்மட்டத்திலிருந்து 200 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலும், மாத்தளை நகரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்திலும் இருக்க, ரத்தோட்டைக்கு அப்பால் ரிவர்ஸ்டன் கணவாயை நோக்கிச் செல்லும் சாலை 1,000 மீற்றரையும் கடந்து ஏறி, பின்னர் லக்கலப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. மாத்தளை, ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், லக்கல, நாவுல, தம்புள்ளை என ஒரு வட்டமாக அமையும் இந்தப் பாதை இயற்கைக் காட்சிகளுக்காகப் பெயர் பெற்றது. ஆயினும் சுமைவண்டி ஒன்றை வாங்க எண்ணும் சிறு விவசாயிக்கும், மிளகு, சாதிக்காய் வணிகருக்கும், தோட்டப்புறக் குடும்பத்துக்கும் அதே பாதை, எந்த எஞ்சினை எந்தக் கியர் அமைப்போடு தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தரவல்லது.

கெப் என்று இலங்கையில் அழைக்கப்படுவது, முன்புறம் சாரதியும் பயணிகளும் அமரும் அறையும் பின்புறம் சுமையேற்றும் திறந்த தட்டும் கொண்ட சிறுரகச் சுமைவண்டியாகும். ஒரு வரிசை இருக்கை கொண்டது சிங்கிள் கெப் என்றும், இரு வரிசை கொண்டது டபுள் கெப் என்றும் வழங்கும். டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200, நிசானின் டி21, டி22 வகைகள், இசுசுவின் டிஎஃப் வரிசை, மஸ்டா பி2500 ஆகியவை இவ்வகையில் நாடெங்கும் அறியப்பட்டவை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டதாலும், அதன் பின்னரும் வரிச்சுமை கடுமையாக இருப்பதாலும், 1990களிலும் 2000களிலும் நாட்டுக்குள் வந்த வண்டிகள் இன்றும் பெருவிலைக்குக் கைமாறுகின்றன. இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த வண்டிக்கு ஒரு குடும்பம் தன் சேமிப்பையும் லீசிங் கடனையும் சேர்த்துக் கொடுக்கும்போது, தவறான எஞ்சினைத் தேர்வதன் விலை ஒரு பழுதுச் செலவோடு நின்றுவிடுவதில்லை. அது அக்குடும்பத்தின் பல ஆண்டு வருமானத்தையே அசைத்துவிடுகிறது. வண்டியின் நிறத்தையும் இருக்கைத் துணியையும் பார்த்து விலைபேசும் பழக்கத்தை விட்டு, எஞ்சினும் கியரும் சேர்ந்து இயங்கும் முறையைப் படிக்க வேண்டியதன் தேவை இங்கிருந்தே எழுகிறது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை, அக்குறணையைக் கடந்து பலகடுவ வளைவுகளில் ஏறி இறங்கி மாத்தளையை அடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் இந்தச் சாலை எதிர்த்திசையிலேயே பெரிதும் பொருள் பெற்றிருந்தது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் காடுகளின் ஊடாகக் கால்நடையாகத் தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலைத்தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். அவர்கள் உழைப்பில் விளைந்த கோப்பி மாட்டுவண்டிகளில் மலையை விட்டு இறங்கியது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளை வரை தொடருந்துப் பாதை திறக்கப்பட்ட பின்னரும், தோட்டத்திலிருந்து நிலையம் வரையிலான இறக்கத்தை வண்டிகளே சுமந்தன. கோப்பி அழிந்து தேயிலை, கொக்கோ, இறப்பர், மிளகு, கராம்பு, சாதிக்காய் என விளைபொருள் மாறியபோதும் மாறாத உண்மை ஒன்று உண்டு: உரமும் அரிசியும் சீமெந்தும் மேலே போகின்றன என்றாலும், இம்மாவட்டத்து மலைப்பகுதியின் செல்வம் எப்போதும் கீழ்நோக்கியே இறங்குகிறது. விளைச்சல் காலத்தில் வண்டி பெரும்பாலும் வெறுந்தட்டோடு ஏறி, நிறைந்த தட்டோடு இறங்குகிறது. எனவே மாத்தளையில் வாங்கப்படும் கெப் வண்டியின் எஞ்சினும் கியரும் ஏற்றத்தில் காட்டும் வலுவைக் கொண்டு மட்டும் அல்லாமல், இறக்கத்தில் காட்டும் பிடியைக் கொண்டும் மதிப்பிடப்பட வேண்டும். வாங்குவோரில் பலர் கவனிக்கத் தவறுவது இந்த இரண்டாவது அளவையே.

ஐந்து தேர்களின் திருவிழாவுக்குப் புகழ்பெற்ற முத்துமாரியம்மன் கோயில் நிற்கும் மாத்தளை நகரில் பயணம் தொடங்கும் இடம், வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஆராய்வதற்கும் பொருத்தமான இடமாகும். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் பல குறைகள் மறைந்துவிடும் என்பதால், விடியற்காலையில், போனட்டின் மேல் கைவைத்துக் குளிர்ச்சியை உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் முதல் விதி. ஸ்டார்ட் ஆனதும் ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றித் தலைகீழாக அதே வாயின்மேல் வைத்தால், நல்ல எஞ்சினில் அது மெல்ல அதிர்ந்தபடி அங்கேயே இருக்கும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்த எஞ்சினில், எரிந்த வாயு வளையங்களைக் கடந்து கீழே கசிந்து மேல்நோக்கி வீசுவதால், மூடி துள்ளும் அல்லது வாயிலிருந்து புகை மூச்சு மூச்சாக வெளிப்படும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு நீரைப் பார்க்கும்போது குமிழிகள் இடைவிடாமல் எழுந்தால், எரிந்த வாயு நீர்வழிக்குள் புகுகிறது என்றும், சிலிண்டர் தலையோ அதன் அடியிலுள்ள கெஸ்கெட்டோ பழுதுபட்டுள்ளது என்றும் கொள்ளலாம். கறுப்புப் புகை எரியாத டீசலையும், நீலப் புகை எரியும் ஒயிலையும், சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை நீர்க்கசிவையோ உரிய முறையில் தெளிக்காத நொசிலையோ சுட்டும். நொசில் என்பது டீசலை நுண்துளிகளாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பாகம். மீற்றரில் காணும் கிலோமீற்றர் கணக்கைத் திருத்திவிட முடியும் என்பதால், இந்த நேரடிச் சோதனைகளே எஞ்சினின் உண்மையான வயதைச் சொல்கின்றன.

இவ்வண்டிகளின் எஞ்சின்களை மூன்று தலைமுறைகளாகப் பிரித்துப் புரிந்துகொள்வது எளிது. முதல் தலைமுறை, டர்போ இல்லாமல் வெளிக்காற்றைத் தானே உறிஞ்சும், இயந்திரமுறைப் பம்பால் டீசலைப் பெறும் எளிய டீசல் எஞ்சின்களாகும். ஹைலக்ஸில் வந்த 2,779 சிசி கொள்ளளவுள்ள 3எல், 2,986 சிசி கொள்ளளவுள்ள 5எல், நிசானின் 2,663 சிசி டிடி27, இசுசுவின் 2,499 சிசி 4ஜேஏ1 ஆகியவை இதற்குச் சான்றுகள். இரண்டாவது தலைமுறை, கழிவுப்புகையின் விசையால் சுழலும் டர்போ என்னும் காற்றமுக்கியும், கொமன் ரெயில் என்னும் பொதுக்குழாய் முறையும் கொண்டது. இம்முறையில் பம்ப் டீசலை 1,000 பாருக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் ஒரு குழாயில் தேக்கிவைக்க, கணினி கட்டளையிடும் கணத்தில் நொசில்கள் அதைத் தெளிக்கின்றன. 2004 முதல் வந்த ஹைலக்ஸ் வீகோவின் 2,494 சிசி 2கேடியும் 2,982 சிசி 1கேடியும் இத்தலைமுறையைச் சேர்ந்தவை. மூன்றாவது தலைமுறை, 2015 முதல் வந்த ஹைலக்ஸின் 2,393 சிசி 2ஜிடி போன்றது. சிறிய கொள்ளளவில் பெருவலுவைத் தரும் இவ்வெஞ்சின்களில் மின்னணுக் கட்டுப்பாடும் புகை வடிகட்டும் ஏற்பாடுகளும் கூடுதலாக அமைந்துள்ளன.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வரையிலான சாலை வீட்டுத்தோட்டங்களின் ஊடாக மிதமாக ஏறுகிறது. மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் சாதிக்காய் மரங்களும் இருபுறமும் நெருங்கி நிற்கும் அந்தப் பகுதியில் எந்த எஞ்சினும் இலகுவாக ஓடும். ரத்தோட்டையைக் கடந்து தேயிலை மலைகளுக்குள் நுழைந்த பிறகே குதிரைவலுவுக்கும் முறுக்குவிசைக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. முறுக்குவிசை என்பது எஞ்சினின் தண்டைச் சுழற்றும் விசையின் அளவு. குதிரைவலு என்பது அந்த விசை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதன் அளவு. குறுகிய கொண்டையூசி வளைவில் வேகம் எடுக்க இடமில்லாததால், அங்கே தேவைப்படுவது தாழ்ந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையே. 3எல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுழற்சியில் 190 நியூட்டன் மீற்றர் அளவுக்கு முறுக்குவிசை தருகிறது. டர்போவும் அது அமுக்கும் காற்றைக் குளிர்விக்கும் குளிரூட்டியும் கொண்ட 1கேடி எஞ்சின் 343 நியூட்டன் மீற்றர் வரை தருகிறது. அத்துடன் 1,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், தானே காற்றை உறிஞ்சும் பழைய எஞ்சின் மேலே செல்லச்செல்லத் தளர்ந்து கறுப்புப் புகை கக்க, டர்போ எஞ்சின் கூடுதலாகக் காற்றை அமுக்கி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. ஏற்றத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் டர்போ எஞ்சினுக்கே வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால் எஞ்சின் தரும் விசை நேரடியாகச் சக்கரத்தை அடைவதில்லை. கியர் பொக்ஸும் பின்னச்சும் அதைப் பெருக்கியே கொடுக்கின்றன. முதல் கியரின் விகிதம் 4 என்றும் பின்னச்சின் விகிதம் 4 என்றும் கொண்டால், எஞ்சின் 16 முறை சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழல்கிறது. வேகம் பதினாறில் ஒன்றாகக் குறைய, உராய்வுக்குப் போவது நீங்கலாக, முறுக்குவிசை பதினாறு மடங்காகிறது. எஞ்சின் 2,400 சுழற்சியில் ஓட, சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீற்றர் எனில், வண்டி மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் கூடுதலாக அமைந்திருக்கும் தாழ்வீச்சுப் பெட்டி இதை மேலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைத்து, அதே சுழற்சியில் வேகத்தை மணிக்கு 8 கிலோமீற்றராக்கிவிடும். எனவே, டர்போ இல்லாத எளிய எஞ்சினும் தகுந்த கியர் விகிதம் கிடைத்தால் பெரும் ஏற்றத்தை வெல்லும். வலிய எஞ்சினும் பொருந்தாத விகிதத்தோடு சேர்ந்தால் கிளச்சை எரித்துவிடும். எஞ்சின் ஒன்றையும் கியர் பொக்ஸ் ஒன்றையும் தனித்தனியே மெச்சி வாங்குவதைவிட, இவ்விரண்டும் பின்னச்சு விகிதமும் டயரின் அளவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே அறிவுடைமையாகும். அலங்காரத்துக்காகப் பெரிய டயர் பூட்டிய வண்டி, தொழிற்சாலை வகுத்த விகிதத்தை இழந்து, ஏற்றத்தில் இளைப்பதற்கும் இறக்கத்தில் நழுவுவதற்கும் இதுவே காரணம்.

ரிவர்ஸ்டன் கணவாயை நெருங்கும் இடத்தில், பள்ளத்தாக்கிலிருந்து எழும் காற்று மூடுபனியைச் சாலைக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டே இருக்க, எதிரே வரும் பேருந்துக்கு வழிவிடுவதற்காக ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட வேண்டிய நிலை அடிக்கடி ஏற்படுகிறது. மெனுவல் கியரா, ஒட்டோ கியரா என்ற விவாதத்துக்கு இதுவே உரிய களம். மெனுவல் அமைப்பில், கிளச் தட்டு எஞ்சினையும் கியர் பொக்ஸையும் உராய்வால் இணைப்பதால், சுமையோடு ஏற்றத்தில் புறப்படும் ஒவ்வொரு முறையும் அத்தட்டு சிறிது தேய்கிறது. ஒட்டோ அமைப்பில், டோர்க் கன்வேர்ட்டர் என்னும் ஒயில் நிறைந்த இணைப்பி, புறப்படும் கணத்தில் முறுக்குவிசையைப் பெருக்கியும் தருவதால், வண்டி பின்னோக்கி உருளாமல் மென்மையாக நகர்கிறது. கால்வலியுள்ளவர்க்கும் கண்டி நெரிசலில் நாள்தோறும் சிக்குபவர்க்கும் அது பெரும் ஆறுதல். ஆயினும் அந்த மென்மை, ஒயிலில் உண்டாகும் வெப்பத்தின் விலையாகக் கிடைப்பது. சுமையோடு நெடிய ஏற்றம் ஏறும் ஒட்டோ வண்டியின் கியர் ஒயில் கொதித்து ஒருமுறை கருகினால், உள்ளிருக்கும் உராய்வுத் தட்டுகள் விரைவில் அழியும். பழைய ஒட்டோ வண்டியை வாங்குபவர் அதன் ஒயில் அளவுக்கோலை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். தெளிந்த செந்நிறம் நலத்தையும், பழுப்பு நிறமும் கருகல் மணமும் அழிவையும் காட்டும். நியூட்ரலிலிருந்து கியருக்கு மாற்றியதும் வண்டி ஓரிரு நொடி தயங்கிப் பின் உதறிக்கொண்டு நகர்ந்தால், அந்தப் பேரத்தை அவ்விடத்திலேயே நிறுத்துவது நல்லது.

கணவாயைத் தாண்டிப் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளிக்கும் இலுக்கும்புரக் கிராமத்துக்கும் இறங்கும் பகுதியே இப்பயணத்தின் கடினமான தேர்வு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வண்டியில், பிரேக் கட்டைகளும் தட்டுகளும் சூடேறிப் பிடியை இழக்கின்றன; ஆகவே சாரதி தாழ்ந்த கியரில் வண்டியைப் போட்டு, எஞ்சின் தன் உள்ளெதிர்ப்பால் சக்கரங்களைத் தடுத்து நிறுத்தும்படி செய்கிறார். இதுவே எஞ்சின் பிரேக் எனப்படுகிறது. ஏற்றத்தில் மதிக்கப்பட்ட டர்போ இங்கே பெரும்பாலும் உதவுவதில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எரிபொருள் நின்று, கழிவுப்புகையும் குறைந்து, டர்போ சும்மா சுழல்கிறது. இறக்கத்தில் பிடிப்பது எஞ்சினின் கொள்ளளவும் சுழற்சியும் கியர் விகிதமும்தான். 5எல், 1கேடி ஆகிய இரண்டும் ஏறத்தாழ மூன்று லீற்றர் கொள்ளளவுள்ளவை என்பதால், ஏற்றத்தில் ஒன்றின் விசை மற்றதைவிட மிகுதியாக இருந்தும், இறக்கத்தில் இரண்டின் பிடியும் பெரிதாக வேறுபடுவதில்லை. சிறிய கொள்ளளவுள்ள புதிய எஞ்சின் அதிக விசையோடு ஏறினாலும், இறங்கும்போது அதை இன்னும் தாழ்ந்த கியரில் வைத்திருக்க வேண்டியிருக்கும். ஒட்டோ வண்டியைக் கியர்க்கோலை டி நிலையிலேயே விட்டு இறக்குவது, கியர் பொக்ஸ் தானே உயர்ந்த கியருக்குத் தாவ வழிவிடுவதாகும். எல் அல்லது 2 என்னும் நிலைக்கு, புதியவற்றில் கையால் கியர் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து இறக்குவதே முறை.

இந்த இறக்கமே பழைய கியர் பொக்ஸின் மறைந்த குறைகளையும் வெளிக்கொணர்கிறது. இரண்டாம் கியரில் இறங்கும்போது காலை எடுத்ததும் கியர்க்கோல் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி விழுந்தால், பற்சக்கரங்களை இணைக்கும் பற்களோ அவற்றைப் பிடித்து நிறுத்தும் பாகங்களோ தேய்ந்துவிட்டன என்பது உறுதி. சமதரைச் சோதனை ஓட்டத்தில் இக்குறை தலைகாட்டாமலே போகலாம். காலை எடுத்து மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அடியில் டக் என்ற ஒலி கேட்டால், புரொப்பெல்லர் தண்டின் குறொஸ் எனப்படும் சிலுவை இணைப்போ பின்னச்சின் பற்களோ தளர்ந்துள்ளன. நெடிய இறக்கத்தின் முடிவில் மீண்டும் மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை எழுந்தால், எஞ்சின் ஒயில் குடிக்கிறது. டீசல் எஞ்சினின் காற்றுவழியில் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடம் உருவாவதில்லை என்பதால், பல வண்டிகளில் ஒல்டர்னேட்டரோடு இணைந்த தனிப் பம்ப் ஒன்றே அதை உண்டாக்குகிறது. அந்தப் பம்ப் தளர்ந்திருந்தால் பிரேக் மிதி இறக்கத்தில் மெல்லமெல்லக் கல்லாக இறுகும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வண்டியை உருட்டும் பழக்கம் எஞ்சின் பிடியையும் பிரேக் உதவியையும் ஒரே நேரத்தில் பறிப்பதால், அது உயிரோடு விளையாடுவதற்குச் சமம்.

இலுக்கும்புரவிலிருந்து லக்கல நோக்கிச் செல்லும் பாதையில் ஊர்கள் அருகி, கராஜ்களும் அருகுகின்றன. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் கைவிடப்பட்டு, மேட்டுநிலத்தில் புதிய லக்கல நகரம் எழுந்துள்ள இந்தப் பகுதியில், வண்டி நின்றுவிட்டால் உதவி வரும் வரை காத்திருப்பது நெடுநேரமாகும். எஞ்சினின் மேற்பகுதியிலுள்ள வால்வுகளைக் கீழ்த்தண்டோடு ஒத்தியங்கச் செய்யும் இணைப்பு எத்தகையது என்ற வினா இங்கே முதன்மை பெறுகிறது. டிடி27 போன்ற பழைய எஞ்சின்களில் அது பற்சக்கரங்களால் ஆனது என்பதால் அறுந்துபோக எதுவுமில்லை. 3எல், 5எல், கேடி எஞ்சின்களில் அது இறப்பர்ப் பட்டியால் ஆனது. டைமிங் பெல்ட் எனப்படும் அப்பட்டி, எல் வரிசையில் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கும் கேடி வரிசையில் 150,000 கிலோமீற்றருக்கும் ஒருமுறை மாற்றப்படாவிட்டால், அறுந்து வால்வுகளைப் பிஸ்டனோடு மோதச் செய்யும். மிட்சுபிஷியின் 2,477 சிசி 4டி56 எஞ்சினில் அதிர்வைத் தணிக்கும் தண்டுகளுக்கென இரண்டாவது பட்டி ஒன்று உண்டு. அது அறுந்து முதன்மைப் பட்டியில் சிக்கினால் அதையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவ்வெஞ்சின் கொதித்தால் சிலிண்டர் தலை வெடிக்கும் இயல்புடையது என்பதும் நினைவில் இருத்தத்தக்கது. நிசானின் ஒய்டி25, டொயோட்டாவின் ஜிடி ஆகியவற்றில் உலோகச் சங்கிலி உள்ளது. எனினும் ஒயில் மாற்றத் தவறினால் சங்கிலியும் நீண்டு தளரும். பட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு விற்பவரிடம் பற்றுச்சீட்டு இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அச்செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

பழைய இயந்திரமுறைப் பம்புள்ள எஞ்சின், இந்த ஒதுக்குப்புறங்களில் இன்றும் நேசிக்கப்படுவதற்குக் காரணம் அதன் வேகமன்று. பற்றரி இறங்கினால் மெனுவல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், காற்றுப் புகுந்தால் குழாயைத் தளர்த்திக் கையால் பம்ப் செய்து ஓடவைக்கலாம், ஊரிலுள்ள ‘பாஸ்’ எனப்படும் மெக்கானிக் ஒரு சாவிப்பெட்டியோடு வந்து பழுது நீக்கலாம் என்ற நம்பிக்கையே அந்த நேசத்தின் வேர். கொமன் ரெயில் எஞ்சினோ டீசலில் கலந்த நீரையும் தூசியையும் பொறுக்காது. அதன் நொசில் ஒன்று பழுதடைந்தாலே கணினிச் சோதனையும் பெருஞ்செலவும் தேவைப்படும். 2022 எரிபொருள் நெருக்கடியில் கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமித்துப் பயன்படுத்திய வண்டிகளின் தாங்கியில் நீரும் வண்டலும் தங்கியிருக்க வாய்ப்புள்ளதால், வாங்கியவுடன் வடிகட்டியை மாற்றித் தாங்கியைக் கழுவுவது முதற்கடமையாகிறது. கந்தகம் குறைந்த சுப்பர் டீசலை ஒழுங்காக ஊற்றவும், வடிகட்டியைத் தவணை தவறாமல் மாற்றவும் முடிந்தவர்க்கே இப்புதிய எஞ்சின்கள் நீண்டகாலம் உழைக்கும்.

2018இல் நிறைவு கண்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்தின் பக்கமாக நாவுலவை அடைந்து, மீண்டும் ஏ9 நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே திரும்பினால், சமவெளியின் வெப்பம் வேறொரு சோதனையைத் தொடங்குகிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வாயில்களில் பெரிய வெங்காயம், பூசணி, கத்தரி, மலைநாட்டுக் கரட், லீக்ஸ் என மூட்டைகள் இரவு முழுவதும் ஏறி இறங்க, நுவரெலியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் லொறிகளுக்கிடையே கெப் வண்டிகளும், இங்கே ‘பட்டா’ என்ற பெயரால் அறியப்படும் டாட்டா ஏஸ் சிறுலொறிகளும் நெளிந்து செல்கின்றன. 702 சிசி இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சினும் நான்கு கியரும் கொண்ட அச்சிறுலொறி, கலேவெலயிலிருந்து சந்தைக்குச் சமதரையில் காய்கறி கொண்டுவரும் விவசாயிக்கு மிகச் சிக்கனமானது. ரிவர்ஸ்டன் ஏற்றத்துக்கு அதையே நம்புவது அதன் இயல்புக்கு மீறிய சுமையாகும். மறுபுறம், மலைக்கெனத் தாழ்ந்த பின்னச்சு விகிதத்தோடு அமைந்த பழைய நான்கு சக்கர இயக்க வண்டி, நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரிலும் உயர்சுழற்சியில் இரைந்து டீசலைக் குடிக்கும். தம்புள்ளை வெயிலில் சுமையோடு ஓடி நிற்கும் வண்டியின் வெப்பமானி நடுவைத் தாண்டி ஏறுகிறதா, நின்ற பின்னர் ரேடியேட்டர் குழாய் கல்லாக விறைக்கிறதா என்பதைப் பார்ப்பது, மலைக்குளிரில் வெளிப்படாத குளிரூட்டல் குறைகளை வெளிப்படுத்தும்.

நான்கு சக்கர இயக்கம் எல்லோருக்கும் தேவையென்ற எண்ணமும் இவ்வட்டப் பாதையில் திருத்தம் பெறுகிறது. இவ்வண்டிகளில் பெரும்பாலும் உள்ளது, வேண்டும்போது மட்டும் முன்சக்கரங்களையும் இணைக்கும் பகுதிநேர முறை; காய்ந்த தார்ச்சாலையில் அதை இணைத்து ஓட்டினால், முன், பின் அச்சுகளின் சுழற்சி வேறுபாட்டுக்கு இடமில்லாமல் பற்சக்கரங்கள் இறுகிப் பழுதாகும். ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பகுதிகளின் தார்ச்சாலைகளுக்கு இரு சக்கர இயக்கமே போதும். மழைக்குப் பிந்திய தோட்டத்து மண்பாதையிலும் வில்கமுவ வயல்வரம்புகளிலும் உழைப்பவர்க்கே நான்கு சக்கர இயக்கம் தன் விலைக்குப் பயன் தரும். அதை வாங்குபவர் தாழ்வீச்சுக் கோலை உண்மையில் இழுத்துப் பார்த்து, மண்தரையில் சில மீற்றர் ஓட்டி, முன்னச்சு ஒலியின்றி இணைகிறதா என உறுதிசெய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் துருவேறிய கோலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

எஞ்சின் மாற்றப்பட்ட வண்டிகள் மாத்தளையிலும் அரியவை அல்ல. ஜப்பானிலிருந்து பகுதிகளாக வரும் பழைய எஞ்சின்கள் பொருத்தப்பட்டு, உடல் ஒன்றாகவும் உயிர் வேறொன்றாகவும் ஓடும் வண்டிகளைச் சந்தையில் காணலாம். அம்மாற்றம் தன்னளவில் குறையன்று. ஆனால் எஞ்சினில் பொறித்த இலக்கமும் சஸி இலக்கமும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் நடைமுறையில் இருக்க வேண்டும். இலக்கம் ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதை வாங்குபவர் எஞ்சினோடு வழக்கொன்றையும் சேர்த்து வாங்குகிறார்.

இப்பாதை முழுவதையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் முடிவு தெளிவானது. ரத்தோட்டை, லக்கல மலைகளில் வாழ்ந்து, தன் விளைச்சலை மாத்தளைக்கு இறக்கும் குடும்பத்துக்கு, மூன்று லீற்றரை ஒட்டிய கொள்ளளவும் இயந்திரமுறைப் பம்பும் கொண்ட பழைய எஞ்சின், இறுக்கமான மெனுவல் கியர் பொக்ஸோடு சேர்ந்ததே மிகப் பாதுகாப்பான தேர்வு. வேகம் குறைந்தாலும் இறக்கத்தில் பிடி குறையாது, பழுதும் ஊருக்குள்ளேயே தீரும். மலைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாள்தோறும் ஓடி வணிகம் செய்பவர், பராமரிப்புப் பற்றுச்சீட்டுகளோடு கிடைக்கும் 1கேடி போன்ற டர்போ எஞ்சினைத் தேர்ந்தால், கூடுதல் விலைக்கு ஏற்ற பயனை நேரத்திலும் சுமையிலும் பெறுவார். சமவெளியை விட்டு ஏறாதவருக்குச் சிறுலொறியே போதும். குடும்பப் பயணத்தோடு இலேசான சுமையும் ஏற்றுபவர், ஒயில் தெளிவாயுள்ள ஒட்டோ கியர் வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். எத்தேர்வாயினும், சோதனை ஓட்டத்தை மாத்தளை நகரின் சமதரையில் முடித்துக்கொள்ளாமல், ஏழெட்டுப் பேரையோ சில உரமூட்டைகளையோ தட்டில் ஏற்றி ஒரு மலையை ஏறி இறங்கிய பிறகே முற்பணம் கொடுக்க வேண்டும். விற்பவர் அதற்கு மறுத்தால், அந்த மறுப்பையே வண்டியின் நிலைக்குச் சான்றாகக் கொண்டு வேறு வண்டியைத் தேடுவதே, வாழ்நாள் சேமிப்பை வைத்து வண்டி வாங்கும் குடும்பத்துக்குச் செய்யும் நீதியாகும்.